நிதாரிப் பெற்றோர் மீது அந்தப் பழியைப் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தில்லியை ஒட்டிய நொய்டாவில், நிதாரி என்ற இடத்தில் பிள்ளைகள் தொடர்ந்து காணாமல்போய்க் கொல்லப்பட்ட வழக்கு முடிந்துபோனதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிள்ளைகளைத் தெருவில் விட்டுவிட்டு வேலைக்குப் போன பெற்றோரின் கவனக்குறைவுக்கும் இதில் பங்கு உண்டு என்று நடுவில் ஒரு வரி வருகிறது. இரண்டு நாளாக அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை.

2003 முதல் 2008 வரை நாங்கள் நொய்டாவில் இருந்தோம். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்தவர் நிதாரியில் ஒற்றை அறையில் குடியிருந்தார். வங்காளத்தில் மால்டா பக்கம். காலை ஆறு மணிக்கு முதல் வீடு, அப்புறம் இன்னும் மூன்று வீடு. மதியம் ஓட்டமாக ஓடிப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு மறுபடி வருவார். என் பிள்ளைகளின் டிபன் டப்பாவைத் தேய்ப்பதற்காகத்தான் அவர் தன் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தார். கவனக்குறைவு என்று எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

2005 மழைக்காலத்தில் ஒருநாள் அவருடைய ஒன்பது வயதுப் பையனைக் காணோம். இரவு ஒன்பது மணிக்கு வந்து கதவைத் தட்டினார். நானும் கூடப் போனேன். காவல் சாவடியில் எனக்கு நாற்காலி போட்டார்கள், அவரை நிற்க வைத்தார்கள். நானும் உட்கார்ந்துவிட்டேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது. வீட்டில் அடித்தாயா, மாமா வீட்டுக்குப் போயிருப்பான், இரண்டு நாள் பார். அவ்வளவுதான் விசாரணை. அவர் நீட்டிய பாஸ்போர்ட் அளவு போட்டோவை வாங்கி மேசையில் போட்டார் அந்தக் காவலர். ஒரு வரி எழுதவில்லை. டீ வந்தது, கிளாஸை அந்தப் போட்டோ மேலேயே வைத்தார். கிளம்பும்போது அந்த அம்மா போட்டோவை எடுத்து, பையன் முகத்தில் வட்டமாகப் படிந்திருந்த டீக்கறையைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே நடந்தார்.

அந்தப் பையன் மறுநாள் கிடைத்துவிட்டான். பஸ்ஸில் தூங்கி காஜியாபாத்தில் இறங்கியிருக்கிறான். அதே தெருக்களில் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் தொலைந்த மற்ற பிள்ளைகள் வரவில்லை. அவர்களைப் பெற்றவர்களும் போட்டோவோடு போய் நின்றவர்கள்தான். உங்கள் பெண் யாருடனாவது ஓடிப்போயிருப்பாள் என்று கேட்டுத் திரும்பியவர்கள்தான். 2006 டிசம்பர் 29 அன்று டி-5 என்ற எண்ணுள்ள வீட்டுக்குப் பின்னால் சாக்கடையில் எலும்புகள் கிடைத்தபோது, தோண்டி எடுக்க முதலில் இறங்கியவர்களில் அக்கம்பக்கத்தாரே இருந்தார்கள்.

அதற்கு ஒன்றரை மாதம் முன்பு, அதே நொய்டாவில் பெரிய மென்பொருள் நிறுவன அதிகாரி ஒருவரின் சின்னப் பையன் கடத்தப்பட்டான். காவல் துறை முழுவதும் இறங்கித் தேடியது. சில நாள்களில் பத்திரமாக வீடு வந்தான், அது சந்தோஷம்தான். தேடத் தெரியாத போலீஸ் இல்லை என்று மட்டும் அன்று எங்கள் எல்லாருக்கும் புரிந்துபோயிற்று.

தீர்ப்புகள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. அந்த டி-5 வீட்டில் வேலை பார்த்த சுரேந்தர் கோலிக்கு 13 வழக்குகளில் தூக்கு. 2023 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் 12 வழக்குகளில் அவரையும், 2 வழக்குகளில் வீட்டுக்காரர் பந்தேரையும் விடுவித்தது. 60 நாள் போலீஸ் காவலில் வைத்து, மருத்துவப் பரிசோதனையும் வக்கீல் உதவியும் இல்லாமல் வாங்கிய வாக்குமூலத்தை எப்படி நம்புவது என்று கேட்டது. உறுப்பு வியாபாரம் நடந்திருக்குமா என்று பார்க்கும்படி மத்திய அமைச்சகக் குழுவே சொல்லியும் விசாரிக்கவில்லை என்று கண்டித்தது. 2025 நவம்பரில் கடைசி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கோலியை விடுவித்துவிட்டது. சரி, அப்படியானால் அந்தப் பிள்ளைகளைக் கொன்றது யார்? உங்கள் கட்டுரை இந்தக் கேள்வியில் நின்றிருக்க வேண்டும். பதில் சொல்ல வேண்டிய காவல் துறையையும் சிபிஐயையும் தாண்டி வந்து, பாத்திரம் தேய்த்தவர்கள் மீது விரலை நீட்டியிருக்கிறது.

2007 தொடக்கத்தில் எல்லாப் பத்திரிகைகளும் கொன்ற பிள்ளைகளைத் தின்றார்கள் என்று பக்கம் பக்கமாக நரமாமிசக் கதை எழுதின, நீங்களும்தான். விடுதலைத் தீர்ப்புக்கு உள்பக்கத்தில் ஒரு பத்தி. 2023இல் இதைப் பற்றி ஒரு கடிதம் அனுப்பினேன். பிரசுரமாகவில்லை. இருபது வருடமாகச் சந்தா கட்டுகிறவள் என்பதால் அன்று மனசுக்குள் வைத்துக்கொண்டேன்.

நான் கேட்பது சின்ன விஷயம். அந்த வரிக்கு ஒரு வருத்தம் தெரிவியுங்கள். பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டம் போடுங்கள். குழந்தையைக் காணோம் என்றால் 24 மணி நேரம் காத்திருக்கத் தேவையில்லை. காணாமல்போன குழந்தை பற்றிய புகாரைக் கடத்தலாகவே எடுத்துக்கொண்டு எப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று 2013 மே மாதமே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம், எல்லை பிரச்சினை கிடையாது. மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். குழந்தைகள் உதவி எண் 1098. நம் ஊரிலும் சி.எஸ்.ஆர். ரசீதை, அதாவது புகார் மனுவை வாங்கிக்கொண்டோம் என்ற சீட்டை மட்டும், கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அது எப்.ஐ.ஆர். இல்லை என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி