நாரிச் பேராலயம் பார்க்கப் போகிறவர்களே, வாசலில் கொஞ்சம் நில்லுங்கள்

இங்கிலாந்துக்குச் சுற்றுலா வரும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். நார்விச் நகரத்தை ஊர்க்காரர்கள் 'நாரிச்' என்றுதான் சொல்வார்கள். அங்கே பேராலயம் பார்க்க வருகிறவர்கள் 96 மீட்டர் உயரக் கூர்கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே விறுவிறுவென்று உள்ளே போய்விடுகிறார்கள். வாசலை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அது பெரிய மனக்குறை. அதனால்தான் இந்த மடல்.

பேராலய வளாகத்துக்குள் நுழையும் வாசல்களில் தெற்கே இருக்கும் எதெல்பர்ட் வாசல் ஒரு கலவரத்தின் தழும்பு. வெளியே உள்ள டூம்லாண்ட் திடலில் அந்தக் காலத்தில் சந்தை கூடும். அங்கே யார் அதிகாரம் செல்லும் என்று நகரத்தாருக்கும் பேராலயத்துத் துறவிகளுக்கும் ஓயாத பகை. 1272 ஆகஸ்டில் அது வெடித்தது. மடத்துக் கட்டடங்களும் வாசலும் புனித எதெல்பர்ட் கோயிலும் எரிந்தன. மன்னர் மூன்றாம் ஹென்றியே நேரில் வந்தார். ஏறக்குறைய முப்பது பேருக்கு மரண தண்டனை. நகரத்துக்கு 3000 மார்க் (அந்தக் காலப் பணக் கணக்கு) அபராதம். இன்று நாம் பார்ப்பது அதற்குப் பிறகு, 1316-ஐ ஒட்டி எழுந்த வாசல். எரிந்த கோயிலுக்கு ஈடாக அதன் மாடியில் ஒரு சிற்றாலயம் அமைத்தார்கள்.

சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நார்விச் இருக்கும் நார்ஃபோக் மாவட்டத்து மண்ணில் நல்ல கட்டடக் கல் கிடையாது. கிடைப்பது சிக்கிமுக்கிக் கல்தான். அதை உடைத்தால் உள்ளே கண்ணாடி போல மினுங்கும் கருமை. அந்த முகத்தை வெளியே காட்டி, வெளிர் சுண்ணக்கல்லோடு மேடுபள்ளம் தெரியாமல் பதித்து வரைந்த கோலம் அது. உச்சியில் இருப்பது 19-ஆம் நூற்றாண்டில் பழுதுபார்த்துப் புதுப்பித்தது. வளைவுக்கு மேலே ஒருபுறம் வாளும் கேடயமுமாக ஒரு மனிதன், எதிர்ப்புறம் டிராகன். கலவரத்தை நினைத்துக்கொண்டு பார்த்தால் யார் மனிதன், யார் டிராகன் என்ற கேள்வி எனக்கு எழாமல் இருந்ததில்லை.

வடக்கே எர்பிங்ஹாம் வாசல், சுமார் 1420. கட்டக் கொடுத்தவர் 1415-இல் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிரான அஜின்கோர்ட் போரில் ஆங்கிலேய வில்லாளிகளை நடத்திய சர் தாமஸ் எர்பிங்ஹாம். உச்சி மாடத்தில் சிலையாக மண்டியிட்டிருக்கிறார்.

எதெல்பர்ட் வழியாக நுழையுங்கள். பேராலயத்தைப் பார்த்துவிட்டு ஆற்றங்கரை வரை நடந்தால் புல்ஸ் ஃபெரி வரும். பேராலயம் கட்ட, பிரான்சில் நார்மண்டியின் கான் நகரத்திலிருந்து கல் படகில் வந்து சேர்ந்த கால்வாயின் முகப்பில், 15-ஆம் நூற்றாண்டில் கட்டிய நீர்வாசல் அது. திரும்பும்போது எர்பிங்ஹாம் வழியாக வெளியே வாருங்கள். டூம்லாண்ட் பக்கத்து வாசல்கள் இரண்டுக்கும் முகம் மேற்கே. சிக்கிமுக்கிக் கல் மினுங்க மாலை வெயில் வேண்டும். மதியத்துக்கு மேல் போங்கள்.

அன்புடன்,
அந்த வாசல்களில் பல மாலைகள் நின்ற ஒருவர்