சோடி ஓட்டத்தில் மனைவியின் பெயர் எங்கே?

கல்லடி,
மட்டக்களப்பு.

முகாமையாளர்,
நிகழ்ச்சி ஏற்பாட்டுப் பிரிவு.

விடயம்: சித்திரைப் புத்தாண்டு விடுமுறை 5 கிலோமீற்றர் ஓட்டம், சோடிப் பிரிவு தொடர்பான முறைப்பாடு

ஐயா,

உங்கள் நிறுவனம் நடத்திய விடுமுறை ஓட்டத்தில் நானும் கணவரும் சோடிப் பிரிவில் ஓடினோம். இரண்டு பேருக்கும் கட்டணம் கட்டினோம். பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்துள்ளேன். கிடைத்தது ஒரு பதக்கமும் ஒரு சான்றிதழும். சான்றிதழில் கணவரின் பெயர் மட்டும். “மற்றும் மனைவி” என்றுகூட இல்லை. இருந்திருந்தாலும் இந்தக் கடிதத்தை எழுதியிருப்பேன்.

மேசையில் இருந்த தம்பியிடம் கேட்டேன். “அண்ணன்ட பேர் இருக்குத்தானே அக்கா, ரெண்டு பேரும் ஒரு வீடுதானே” என்றார். அவரில் எனக்குக் கோபமில்லை. பதிவுப் படிவத்திலேயே சோடிக்கு ஒரு பெயர் எழுதத்தான் கட்டம் விட்டிருந்தீர்கள். என் பெயரை ஓரத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்தோம். அதை யாரும் பார்க்கவில்லை.

ஆனால் சோடி இருவரும் சேர்ந்தே முடிவுக் கோட்டைத் தாண்ட வேண்டும், பிந்தி வருபவரின் நேரம்தான் கணக்கு என்பது உங்கள் விதி. ஓடி முடிக்க இரண்டு பேர் வேண்டும், சான்றிதழுக்கு ஒருவர் போதுமா? கடைசிப் பகுதியில் கணவரின் முழங்கால் பிடித்துக்கொண்டது. நான் வேகத்தைக் குறைத்து அவரோடு வந்தேன். அந்த நேரம்தான் இப்போது அவர் பெயரில் மட்டும் பதிவாகியிருக்கிறது. அவருக்கே அது வெட்கமாக இருக்கிறது.

மாசியிலிருந்து பழைய கல்லடிப் பாலத்தில் பயிற்சி எடுத்தோம். புதிய பாலத்தில் வாகனத் தொல்லை. பழைய இரும்புப் பாலத்தில் விடியலில் வலை வீசுபவர்களும் நடக்க வருபவர்களும்தான். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கி, மூச்சு வாங்காமல் கதைத்துக்கொண்டே ஓடக்கூடிய நிலைக்கு வந்தோம். அவர் தொடக்கத்திலேயே பாய்ந்து பிறகு இளைப்பார். நான் ஒரே சீராக ஓடுவேன். அந்த நாட்களில் காலைச் சமையலை முடித்துவிட்டு ஓட வந்தவளும் நான்தான்.

இலங்கைக்கு இதுவரை கிடைத்த ஒலிம்பிக் பதக்கங்கள் இரண்டே இரண்டு. 1948 இல் டங்கன் வைட், 2000 இல் சுசந்திகா ஜயசிங்க. இரண்டும் ஓட்டத்தில் கிடைத்தவை, அதில் ஒன்று பெண் வாங்கியது. இந்த நாட்டில் ஓட்டப் போட்டி நடத்துபவர்களுக்கு இதை நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

தண்ணீர் விடயமும் இருக்கிறது. காலை 6 மணிக்குத் தொடங்கும் என்றீர்கள். விருந்தினர் வரும்வரை எங்களை நிறுத்திவைத்து 7.30க்குப் பிறகுதான் விட்டீர்கள். சித்திரையில் சூரியன் நம் உச்சிக்கு நேரே வரும் நாட்கள் அவை; அந்த நேரத்திலேயே தார் றோட்டுச் சூடு சப்பாத்துக்குள் ஏறுகிறது. பாதி வழியில் இருந்த தண்ணீர் மேசைக்கு நாங்கள் போனபோது வெறும் போத்தல்கள்தான் கிடந்தன. கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்களுக்கு வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல் போடுகிற ஊர்கள் இவை. காசு கட்டி ஓடிய எங்களுக்கு, கடைசியில் ஒரு வீட்டு அம்மா கேற்றடியில் நின்று செம்பில் தண்ணீர் தந்தார்.

நான் கேட்பவை: என் பெயரிலும் ஒரு சான்றிதழும் பதக்கமும், முடிவுப் பட்டியலில் சோடிப் பிரிவில் ஓடிய எல்லாப் பெண்களின் பெயர்களும் (அன்று இன்னும் பலர் இதே மேசையில் நின்று கேட்டதைக் கண்டேன்), அடுத்த முறை படிவத்தில் இரண்டு பெயருக்கு இடம். கட்டணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவேன். பதிலை என் பெயருக்கு அனுப்பவும், கணவரின் பெயருக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
சோடிப் பிரிவில் ஓடிய வாடிக்கையாளர்