மிக்ஸியும் பிக்சர் டியூபும்

திருநெல்வேலி

அன்புள்ள சண்முகம்,

நலம், நலமறிய ஆவல். உன் மகள் கல்யாணத்துக்கு வராத குற்றத்துக்கு நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன். இப்போது எழுதுவது வேறொன்றுக்காக. ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன். உன்னிடம்தான் சொல்ல முடியும்.

2006 தேர்தலுக்குப் பிறகு வீடு வீடாகக் கொடுத்தார்களே இலவசக் கலர் டிவி, அதெல்லாம் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்து சேர்ந்துவிட்டது. டவுனில் ஒரு கடையில் பார்த்தேன். பையன் ஒருவன் பிக்சர் டியூபின் கழுத்தில் சுத்தியலால் தட்டுகிறான். 'உஸ்' என்று காற்று உள்ளே போகிறது. செம்புச் சுருளை உருவிக்கொண்டு கண்ணாடியைச் சுவரோரம் எறிந்துவிடுகிறான். விலை கேட்டேன், சும்மாவே எடுத்துக்கொண்டு போகச் சொன்னான்.

சும்மா கொடுக்கிற சரக்கா அது! டியூபுக்குள் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் வேகம் பெற்ற எலக்ட்ரான்கள் திரையில் மோதும்போது கொஞ்சம் எக்ஸ்ரேயும் பிறக்கிறது. அதைத் தடுக்கத்தான் பின்பக்கப் புனலில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் காரீய ஆக்சைடும், முன்திரையில் பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும் சேர்த்தார்கள். இத்தனை வருடம் நம் வீட்டுக் கூடத்தில் காவல் காத்த கண்ணாடி, சண்முகம்! அதை எக்ஸ்ரே அறையின் சுவருக்கு அனுப்பினால் என்ன?

நகைக்கடைத் தராசை இரவல் வாங்கி, துண்டுகளை நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு நிறுத்தேன். சோடா பாட்டில் துண்டு தண்ணீரைப்போல 2.5 மடங்கு கனம். புனல் துண்டு கிட்டத்தட்ட 3 மடங்கு. நம் பழைய வாத்தியார் முயல் சார் பார்த்திருந்தால் இந்த முறையாவது பாஸ் போட்டிருப்பார். பாட்டில் கண்ணாடியையும் கதிர்வீச்சுக் கவசம் என்கிறார்கள்; எனக்கு ஒப்பவில்லை. மணலும் சோடாவும் சுண்ணாம்பும்தானே அது? கனமான அணு இல்லாமல் எக்ஸ்ரேயை எப்படி விழுங்கும்? எக்ஸ்ரேயைவிட ஆற்றல் மிகுந்த, சீசியத்தின் காமா கதிர் என்றால் கதை வேறு. அங்கே எடைதான் பேசும். நம் காரீயத்தின் பெருமையும் பெரும்பகுதி கரைந்துவிடும்.

இதையெல்லாம் வகுப்பில் உற்சாகமாகச் சொல்லித் தொலைத்தேன். ஒரு மாணவன் பிடித்துக்கொண்டான். சுவருக்கான சிமெண்டுக் கலவையில் கண்ணாடியைச் சில்லாகப் போட்டால் சிமெண்டின் காரம் கண்ணாடியின் சிலிக்காவோடு சேர்ந்து பசையாகி, ஈரம் குடித்து உப்பி, சுவரை வெடிக்க வைக்கும். மாவாக அரைத்தால் அந்தத் தொல்லை குறையும். இதை அவனே படித்துக்கொண்டு வந்தான். அரைக்க எங்கள் வீட்டுப் பழைய மிக்ஸியைக் கொடுத்தவன் நான்.

மறுநாள் ஆய்வகத்துக்குப் போனேன். மேசை, ஜன்னல், அவன் புருவம் எல்லாம் வெள்ளைத் தூசி. மூக்கில் கைக்குட்டைகூட இல்லை. அருகில் திறந்த டிபன் பாக்ஸில் தயிர்சாதம்.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. காரீயத் தூசி, சண்முகம். அதை மூச்சில் இழுப்பதும் சாப்பாட்டோடு விழுங்குவதும் என்னவென்று தெரிந்த நானே கொடுத்து அனுப்பியிருக்கிறேன். குளிக்க வைத்து, துணி மாற்ற வைத்து, இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். முடிவு இன்னும் வரவில்லை. அவன் என்னைத் தேற்றுகிறான்!

நீ கல்பாக்கத்தில் முப்பது வருடம் காரீயக் கண்ணாடி ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துச் சம்பளம் வாங்கியவன். சொல். அரைக்காமல், உடைக்காமல், புனலை முழுசாக உருக்கிப் பலகையாக வார்த்தால் சரிவருமா? உருக்கும்போது எழும் புகைக்கு என்ன வழி? சிமெண்டில் புதைத்தால் காரத்தில் காரீயம் கசியும் என்ற பயமும் எனக்கு இருக்கிறது. போனில் பேசாதே, எழுது. படம் போட்டு எழுது.

மிக்ஸி பாலித்தீனில் சுற்றிக் கொல்லைப்புறத்தில் கிடக்கிறது. பழைய இரும்புக்காரன் மூன்று தடவை கேட்டுவிட்டான். ஏன் கொடுக்க மறுக்கிறேன் என்று சரசுவுக்கு இன்னும் சொல்லவில்லை.

உன்
ராமையா