கிடைச்சவங்க மட்டும்தான் சாட்சி சொல்லணுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

எங்க திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் எந்தச் சுவரைப் பார்த்தாலும் ஆசீர்வாதக் கூட்டம், விடுதலைக் கூட்டம்னு போஸ்டர்தான், உங்க பத்திரிகையிலயும் அப்பப்ப விளம்பரம் வருது. கடன் தீரும், விசா கிடைக்கும், தீராத வியாதி தீரும்னு போட்டிருக்காங்க. அங்க போற ஜனங்களை நான் குறை சொல்லவே மாட்டேன், கஷ்டத்துல இருக்கிறவங்க வேற எங்க போவாங்க. ஆனா இந்தப் பேச்சு இப்போ எங்க சாதாரண ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குள்ளயே வந்துடுச்சு, அதைத்தான் தாங்க முடியல.

ஆண்டவர் தங்களுக்குச் செஞ்ச நன்மையை ஆராதனையில எழுந்து சொல்ற சாட்சி நேரத்தை எடுத்துக்கோங்க. வீடு கட்டினவங்க, பையனுக்கு வேலை கிடைச்சவங்க, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சவங்க எழுந்து பேசுறாங்க, சந்தோஷம்தான், நன்றி சொல்லணும். அதே பெஞ்சுல புருஷனுக்கு கிட்னி ஃபெயிலாகி ரெண்டு வருஷம் உபவாசம் இருந்து ஜெபிச்சும் அவரைப் பறிகொடுத்த ஒரு அக்கா உட்கார்ந்திருக்காங்க, அவங்க ஒரு தடவை கூட எழுந்ததில்ல, எழுந்தா என்ன சொல்றது? அவங்ககிட்டயே ஒருத்தர் "விசுவாசம் பத்தலம்மா"ன்னு சொல்லியிருக்கார். அந்த அக்கா இன்னைக்கும் விடாம ஆராதனைக்கு வர்றாங்க, என்னைக் கேட்டா அந்தச் சபையிலயே பெரிய சாட்சி அவங்கதான்.

பைபிள்ல யோபு புத்தகத்துல சாத்தான் கேக்குற முதல் கேள்வியே இதுதானே, "யோபு விருதாவாகவா தேவனுக்குப் பயந்து நடக்கிறான்?" அதாவது, சும்மாவா பயந்து நடக்கிறான்? ஆடு மாடு சொத்து பிள்ளைங்க எல்லாம் இருக்கிறதாலதானே கும்பிடுறான், எடுத்துட்டா தூஷிப்பான்னு. நாம ஆராதனைன்னாலே ஆசீர்வாதம் வாங்குற வழின்னு சொல்லிக்கொடுத்தா சாத்தான் சொன்னது சரிதான்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல.

வருஷப்பிறப்புக்கு சபையில ஆளுக்கு ஒரு பைபிள் வசனம் போட்டுக் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டையும் அப்படித்தான் ஆகிட்டு வருது. எரேமியா 29:11 நிறைய வீட்டுல ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கும், "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே". அது பாபிலோனுக்கு சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதின கடிதம், அதுக்கு முந்தின வசனத்துலயே 70 வருஷம்னு இருக்கு, அதாவது அதைக் கேட்ட பெரியவங்கள்ல முக்காவாசிப் பேர் ஊர் திரும்பாமலே அங்கயே செத்திருப்பாங்க. வீடு கட்டி குடியிருங்க, நீங்க இருக்கிற பட்டணத்தோட சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கன்னு அதே கடிதத்துல இருக்கு, அந்தப் பட்டணம் அவங்களைச் சிறைபிடிச்சவனோட பட்டணம்! இதெல்லாம் அட்டையில வர்றதில்ல. "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு"ங்கிறதும் இயேசு கொடுத்த வாக்குதான், அதை யாராவது ஜனவரி 1-ம் தேதி கையில வாங்கிப் பார்த்திருக்கோமா?

கேக்கவே கூடாதான்னு சிலர் கேப்பாங்க. தாராளமா கேக்கலாம், அன்றாட ஆகாரத்தைக் கேக்கச் சொல்லி ஆண்டவரே கத்துக்கொடுத்திருக்கார். பைபிள்ல பிள்ளையில்லாத அன்னாள் அழுது அழுது பிள்ளை கேட்டாங்க, கிடைச்ச சாமுவேலை பால் மறந்ததும் கொண்டுபோய் ஆலயத்துலயே விட்டுட்டாங்க, அவங்க பாட்டு பாடினது பிள்ளையைக் கொடுத்துட்டு வர்ற அன்னைக்கு.

நம்ம ஊரு பழைய ஆட்களும் இப்படித்தான் இருந்திருக்காங்க. 1903-ல பாளையங்கோட்டையில, நம்ம ஜனங்களே காசு போட்டு வெளியூருக்கு ஊழியக்காரங்களை அனுப்புற இந்தியன் மிஷனரி சொசைட்டி ஆரம்பிச்சப்ப இந்தப் பக்கத்து ஜனங்க ஒண்ணும் பணக்காரங்க இல்ல. அதை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான, வெள்ளாளன்விளையில பிறந்த அசரியா 1909-ல, இப்போ தெலங்கானாவுல இருக்கிற, தெலுங்கு பேசுற டோர்னக்கலுக்கு ஊழியத்துக்குப் போனார், இங்க உள்ளவங்க தாங்க பார்க்கவே போகாத ஒரு ஊருக்காக காசு அனுப்பினாங்க. சோறு பொங்குறப்ப ஒரு பிடி அரிசியை தனியா எடுத்துவச்சு ஆலயத்துல கொடுக்கிற பழக்கம் எங்க ஆச்சிகிட்ட இருந்துச்சு, யார் எவ்வளவு போட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது. இன்னைக்கு சபையில நன்றிக் காணிக்கை படைக்கிற ஸ்தோத்திரப் பண்டிகையில பேரும் தொகையும் மைக்குல வாசிக்கிறாங்க, 50 ரூபா போட்ட பாட்டி பேரு வாசிக்கிறப்ப குரல் இறங்குது, 50,000 போட்டவர் பேருக்கு ஏறுது. ரெண்டு காசு போட்ட விதவையை இயேசு பாராட்டினது அதே மாதிரி ஒரு காணிக்கைப் பெட்டி முன்னால உட்கார்ந்துதான்.

சபை கமிட்டிக்காரங்க இதைப் படிச்சா, ரசீது கொடுங்க, கணக்கை நோட்டீஸ் போர்டுல மொத்தமா போடுங்க, பேரு வாசிக்கிறதை மட்டும் விட்டுருங்க. ஜெபத்துக்குப் பதில் வராதவங்களும் எழுந்து பேச சாட்சி நேரத்துல இடம் கொடுங்க. ஆசிரியர் ஐயா, உங்ககிட்டயும் ஒரு விண்ணப்பம், கூட்ட விளம்பரத்துல வியாதி கண்டிப்பா குணமாகும்னு உறுதி சொல்ற வரி இருந்தா அந்த வரியை எடுத்துட்டு விளம்பரத்தைப் போடுங்க, அதை நம்பி சுகர் மாத்திரையை நிறுத்தினவங்க எங்க தெருவுலயே இருக்காங்க.

இப்படிக்கு,
ஒரு சபை அங்கத்தினர்,
பாளையங்கோட்டை