ஃப்ரீசர்ல இடம் கொடுத்த அண்ணாச்சிக்கு

திருநெல்வேலி வெள்ளத்துல நடந்தது எல்லாருக்கும் தெரியும், டிவிலயும் வாட்ஸப்லயும் பார்த்திருப்பீங்க, அதனால தண்ணி எப்போ வந்துச்சு எப்படி வந்துச்சுன்னு மறுபடியும் ஆரம்பிக்கல. சிந்துபூந்துறைல எங்க வீட்டுச் சுவத்துல தண்ணி நின்ன கோடு என் தோளுக்கு மேல இருக்கு, அது போதும். ஆச்சி, அம்மா, நான் மூணு பேரும் நல்லாருக்கோம். சென்னைல புயல்னு சொல்லி ஊருக்கு ஓடிவந்தவ நான், மார்கழி பொறந்த அன்னைக்கு இங்க இப்படி ஆகும்னு யாரு கண்டா.

எங்களை மாடிக்கு ஏத்திவிட்ட எதிர்வீட்டு அண்ணன்மாரு, கடற்கரைல இருந்து லாரில வள்ளத்தை ஏத்திட்டு வந்த மீனவ அண்ணன்மாரு, பள்ளிவாசல்ல இருந்து மூணு நாளும் சோத்துப் பொட்டலம் கொண்டாந்த பையங்க, வெளியூர்ல இருந்து வந்து எங்க தெருச் சேத்தை வாரிப்போட்ட தூய்மைப் பணியாளர்கள், ஆச்சிக்கு பிரஷர் மாத்திரை தேடி அலைஞ்ச சித்தப்பா, எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுதேன். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுதணும், எழுதுவேன். ஆனா இன்னைக்கு ஒரு ஐஸ்க்ரீம் கடை அண்ணாச்சியைப் பத்தித்தான் எழுதப்போறேன், கோவிச்சுக்காதீங்க.

எங்க தாத்தா கம்பாசிட்டர். ஜங்ஷன் பக்கம் காலால மிதிச்சு ஓட்டுற ஒரு சின்ன டிரெடில் பிரஸ்ல முப்பத்தி சொச்சம் வருசம் அச்சுக் கோத்தவர். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கருமாதிக் கார்டு, எது கோத்தாலும் சரிபாக்க அடிக்கிற ஒரு புரூஃப் எடுத்து நோட்டுல மைதா பசை போட்டு ஒட்டி வைப்பாரு, அதுக்குக் கீழ பவுண்டன் பேனாவுல குறிப்பு. பெரிசா ஒண்ணும் இருக்காது, "ண அச்சு தீந்துபோச்சு, அண்ணனை மூத்த சகோதரர் ஆக்கியாச்சு", அவ்வளவுதான். யாரோட கல்யாணத்துலயோ அண்ணன் சகோதரர் ஆன கதை அந்தக் குடும்பத்துக்கே தெரிஞ்சிருக்காது. அப்படி பதினோரு நோட்டு, கட்டிலுக்கு அடியில டிரங்குப்பெட்டிக்குள்ள. தாத்தா போய் ஏழு வருசம் ஆச்சு, நோட்டெல்லாம் பத்திரமா இருக்குன்னு நெனச்சு நான் ஒரு ஸ்கேன்கூட பண்ணி வைக்கல. அந்த சோம்பேறித்தனத்துக்கு என்னைய நானே எத்தனை தடவை திட்டிக்கிட்டேன்னு கணக்கு இல்ல.

நான் பாக்குற வேலை ஃபான்ட் டிசைன். போன்ல நீங்க படிக்கிற எழுத்தை யாரோ உக்காந்து ஒவ்வொண்ணா வரையணும்ல, அந்த யாரோல நானும் ஒருத்தி. இஞ்சினியரிங் முடிச்சிட்டு எதுக்கு இந்த வேலைன்னு சொந்தக்காரங்க கேக்கும்போதெல்லாம் மழுப்பிருவேன், உண்மையான பதில் ஏழு வயசுல இருக்கு. ஸ்கூல் லீவுல பிரஸ்ல மண்ணெண்ணெய் டின்னு மேல உக்காந்து, அடிச்சு முடிச்ச எழுத்தைப் பிரிச்சு கேஸ்ங்கிற எழுத்துத் தட்டுல அந்தந்தக் குழியில போடுறது என் வேலை. கு, கூ, கி, கீ எல்லாத்துக்கும் தனித்தனி அச்சு, தனித்தனி குழி, மாத்திப் போட்டா தாத்தா ஒண்ணும் சொல்லமாட்டாரு, மறுநாள் தப்பா வந்த புரூஃபை மட்டும் எடுத்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டுவாரு. அச்செழுத்து கண்ணாடில பாத்த மாதிரி திரும்பி இருக்கும், கையில பிடிச்சு எழுத்துக் கோக்குற ஸ்டிக்ல தலைகீழா அடுக்கணும், நான் அதை நேரா இருக்கிற எழுத்து மாதிரியே வாசிப்பேன். ளவும் னவும் எங்க வளையுது எங்க தடிக்குதுன்னு என் விரலுக்கு அப்பவே தெரியும். பின்னாடி காலேஜ்ல கத்துக்கிட்டது எல்லாம் அதுக்குப் பேர் வைக்கத்தான்.

கதைக்கு வாரேன். பெட்டியைத் திறக்க முடிஞ்சது செவ்வாய்க்கிழமை மத்தியானம். நோட்டெல்லாம் ஊறின ரொட்டி மாதிரி இருந்துச்சு. சிக்னல் கெடச்ச பத்து நிமிஷத்துல, லைப்ரரில வேலை பாக்குற ஃப்ரெண்டுக்குப் போன் போட்டேன். அவ சொன்னது: பக்கத்தைப் பிரிக்காத, வெயில்ல போடாத, நனைஞ்சு நாப்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரீஸ் பண்ணிரு, இல்லன்னா பூஞ்சை பிடிச்சிரும், ஐஸா இருக்கிற வரைக்கும் அழுகாது, அப்புறம் ஒண்ணொண்ணா எடுத்துக் காயவைக்கலாம். அந்த நாப்பத்தெட்டு மணி நேரத்துல பாதிக்கு மேல ஏற்கெனவே போயிருச்சு. ஊர்ல கரண்ட் இல்ல. ஃப்ரீஸருக்கு எங்க போக?

பாளையங்கோட்டை மேட்டுல தண்ணி ஏறல, அங்க போய்ப் பாக்கலாம்னு ஒரு பக்கெட்ல நோட்டை அடுக்கித் தூக்கிட்டுப் போனேன். ரெண்டு கடைல சாப்பாட்டுப் பொருள் வைக்கிற எடம்னு சொல்லிட்டாங்க, தப்பு சொல்ல முடியாது, சேத்து நாத்தம் எனக்கே குடலைப் பொரட்டுச்சு. மூணாவது அண்ணாச்சி கடை. ஜெனரேட்டர்ல ஒரே ஒரு ஃப்ரீஸர் மட்டும் ஓடிக்கிட்டு இருந்துச்சு, மிச்சம் இருந்த சரக்கு மொத்தமும் அதுக்குள்ளதான். "என்னம்மா இது?" "எங்க தாத்தா எழுதுன நோட்டு அண்ணாச்சி." அவ்வளவுதான் பேச்சு. என்ன நோட்டு, எத்தனை நாளைக்கு, ஒரு கேள்வி கெடையாது. கப் ஐஸ், குச்சி ஐஸ் எல்லாத்தையும் அட்டைப்பெட்டில அள்ளி, கல்யாண மண்டபத்துல தங்கியிருந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பிட்டாரு. அந்தக் குளிர்ல ஐஸ்க்ரீமான்னு தாய்மாருங்க அவரைத் திட்டினாங்களாம், அதுக்கும் சேத்து நான் மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன். நானும் அவரும் பாலிதீன் கவர்ல ஒவ்வொரு நோட்டா சுத்தினோம். மார்க்கர் எடுத்து "தாத்தா 1", "தாத்தா 2"ன்னு பதினொண்ணு வரைக்கும் அவரே எழுதினாரு.

மறுநாள் போனா ஃப்ரீஸர் மூடி மேல ஒரு அட்டை ஒட்டியிருக்கு. "விலைக்கு இல்லை."

ரெண்டு லை. ரெண்டுமே பழைய லை. முன்னாடி சங்கிலிக்கொம்பு கெடையாது, ல தலையில யானைத் துதிக்கை மாதிரி வளைவு. 1978ல அரசாங்கம் பதிமூணு எழுத்தை மாத்துனப்போ போன எழுத்து அது. சின்ன பிரஸ்ல அதுக்கப்புறமும் அச்சு தேயுற மட்டும் ஓட்டிட்டு, கடைசில ஈயத்து விலைக்கு எடை போட்டாங்களாம், தாத்தா ஒரே ஒரு லையை மட்டும் சட்டைப்பைல போட்டுக்கிட்டு வந்துட்டாரு. என் கைல முதமுதல்ல கொடுத்த அச்சு அதுதான். அதுவும் அந்தப் பெட்டிக்குள்ளதான் கெடந்துச்சு, அதுக்குத் தண்ணி என்ன செய்யும்.

அட்டை முன்னாடி நின்னு அழுதேன். அண்ணாச்சி பதறிப்போயி, ஏதோ தப்பா எழுதிட்டோம்னு நெனச்சு, "எங்க வாத்தியார் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாரு தாயி, கை மாற மாட்டேங்கு"ன்னாரு.

இப்ப வீட்டுல கரண்ட் இருக்கு, ஃபேன் ஓடுது. இதுவரைக்கும் ஏழு நோட்டு எடுத்தாச்சு, ஐஸ் விட்டதும் பத்துப் பக்கத்துக்கு ஒரு தாள் வச்சு காய வைக்கேன். பேனா மை கரைஞ்சு பல குறிப்பு வெறும் நீலக் கறையாப் போச்சு. அச்சு மை எண்ணெய் மை, அது அசையல. பசை விட்டுப்போன புரூஃபைத் திருப்பித் தடவுனா எழுத்து அழுந்துன பள்ளம் இன்னும் விரல்ல தட்டுது, ஆச்சியும் தடவிப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம அடுப்படிக்குப் போயிட்டா.

கம்ப்யூட்டர்லயும் போன்லயும் எழுத்துக்கு எண் கொடுக்கிற யூனிகோட்ல பழைய லைக்குன்னு தனி எடம் கெடையாது, ஃபான்ட்டுக்குள்ள மாற்று வடிவமா வேணா வைக்கலாம். யாருக்கு வேணும்னு ரெண்டு தடவை பாதில விட்ட வேலை அது. இப்ப வரையிற ஃபான்ட்ல அந்தப் பழைய பதிமூணும் இருக்கும், எங்க ஆபீஸ்ல என்ன சொன்னாலும் சரி.

அண்ணாச்சி, காசு கொடுத்தா வாங்கமாட்டேங்கீங்க, பேரையும் போடாதேன்னுட்டீங்க. பொங்கலுக்கு முன்னாடி மிச்சம் நாலையும் எடுத்துருதேன், நீங்க சரக்கு எறக்கலாம். அந்த அட்டையை மட்டும் கிழிச்சுப் போட்டுராதீங்க, எனக்கு வேணும்.