வி.எஸ்.எஸ். பேப்பர்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி

அன்புள்ள கூட்டாளிக்கு,

நல்லா இருக்கியா டி. உன் மெசேஜ் வந்து நாளாச்சு. வாய்ஸ் போட்டு பதில் சொல்லிடலாம்னுதான் இருந்தேன், ஆனா நீ அவ்ளோ நீளமா மனசுல உள்ளதெல்லாம் கொட்டி எழுதி இருக்கும்போது நான் ரெண்டு நிமிஷம் பேசி முடிக்கறது சரியா படல, அதான் நைட் டூட்டி இல்லாத நாளா பாத்து உக்காந்து டைப் பண்றேன்.

இங்க சுங்கை சிப்புட்ல எல்லாம் அப்படியேதான் இருக்கு. காலைல புழுக்கம், சாயந்திரம் மழ. போன மாசம் நம்ம தோட்டத்துப் பக்கம் போனேன், தோட்டத் தொழிலாளிங்க லயத்துல பாதி வீடு இடிச்சாச்சு, மீதில வங்காளதேசத்துப் பையங்களும் இந்தோனேசியாகாரங்களும் இருக்காங்க, கோயில் மட்டும் புது பெயிண்ட் அடிச்சு அழகா நிக்குது. மகன் தீபாவளிக்கு சிங்கப்பூர்ல இருந்து வரேன்னு சொல்லி இருக்கான். வீட்டுக்காரருக்கு முட்டி வலி, மத்தபடி எல்லாம் சுகம்.

சரி விஷயத்துக்கு வரேன். கம்பெனிய வேற ஆளு வாங்கறாங்க, வி.எஸ்.எஸ். குடுக்கறாங்க, அதாவது காசு வாங்கிட்டு நாமளே விருப்பப்பட்டு வேலைய விடற திட்டம், அத எடுக்கறதா விடறதான்னு கேட்டிருந்த. 52 வயசுல யாரு லா வேல குடுப்பா, கணக்கு எழுதறத தவிர எனக்கு என்ன தெரியும்னு எழுதி இருந்த பாரு, அந்த வரிதான் என்ன தூங்க விடல.

மொதல்ல காசு விஷயத்த சொல்லிடறேன். கோவத்துல நீயா ரிசைன் லெட்டர் மட்டும் எழுதிடாத. சொக்சோல, அதான் நம்ம மலேசியா அரசாங்கத்தோட தொழிலாளர் பாதுகாப்பு நிறுவனத்துல, எஸ்.ஐ.பி.ன்னு ஒரு வேல காப்பீடு இருக்கு, 2018ல ஆரம்பிச்சது, மாசா மாசம் நம்ம சம்பளத்துல கொஞ்சமா பிடிக்கறாங்களே அதுதான். வேல போனா அதுல இருந்து உதவித்தொக வரும், வி.எஸ்.எஸ். எடுத்தாலும் வரும், ஆனா நீயா விட்டா ஒண்ணும் வராது. வேல போன நாள்ல இருந்து 60 நாளைக்குள்ள மனு போட்டுடணும். 2023ல எங்க பேக்டரி ஆள் குறைச்சப்ப நான் வாங்கினேன், மொத மாசம் சம்பளத்துல 80 விழுக்காடு, ரெண்டாவது மாசம் 50, அப்புறம் 40, கடைசில 30ன்னு எறங்கிட்டே வரும், கூடிப்போனா 6 மாசம். அந்தக் காசு இல்லன்னா நான் கெடச்ச வேலைக்கு ஓடி இருப்பேன், படிக்க போயிருக்கவே மாட்டேன்.

அப்புறம், ஆள் குறைப்புன்னா 5 வருஷத்துக்கு மேல வேல செஞ்சவங்களுக்கு ஒவ்வொரு வருஷத்துக்கும் 20 நாள் சம்பளம்ங்கறது சட்டத்துல உள்ள குறைஞ்சபட்சம், வி.எஸ்.எஸ்.ல அதவிட எவ்ளோ கூட தர்றாங்கன்னு நீயே கணக்கு போட்டு பாரு. ஓய்வு வயசு 60ன்னு 2013ல இருந்தே சட்டம் இருக்கு, வயசாச்சு கெளம்புன்னு யாரும் உன்ன சொல்ல முடியாது, அவசரப்பட வேண்டியது நீ இல்ல. ஈபிஎஃப்ல, நம்ம ஓய்வுக்கால சேமிப்புல, 50 வயசுக்காரங்க அக்காவுன் செஜாதெராங்கற கணக்குல உள்ளத எடுக்கலாம்னு உன் தம்பி சொன்னாராமே, எடுக்கலாம்தான், ஆனா கட போடறேன், ரெனவேஷன் பண்றேன்னு அதுல கைய வெக்காத டி. சின்னதா ஆரம்பிச்சு வியாபாரம் ஓடுதான்னு பாத்த பிறகு யோசிக்கலாம்.

இனிமே நான் உண்மையா சொல்ல வந்தத சொல்றேன்.

எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நீ எழுதினத படிச்சதும் எங்கம்மா ஞாபகம்தான் வந்துச்சு. உங்கம்மாவும் எங்கம்மாவும் ரப்பர் தோட்டத்துல ஒரே பெரட்டுல, விடியக்காலம் பேர் கூப்பிட்டு வேல பிரிக்கற எடத்துல, நின்னவங்க. தலைல விளக்க கட்டிக்கிட்டு இருட்டுல மர நிரைக்கு போயி வெயில் ஏறறதுக்குள்ள வெட்டி முடிக்கணும், குளிர் இருக்கும்போதுதான் பால் நல்லா வடியும், அப்புறம் மரத்துல கட்டின கிண்ணத்த மங்கு மங்கா எடுத்து ஊத்தி காண்டா கம்புல சுமந்துட்டு ஸ்டோருக்கு வரணும். பட்டைய மட்டும் சீவணும், மரத்துல கத்தி பட்டுடுச்சுன்னா மரம் காயம் பட்டு வீணா போயிடும், கங்காணி ஏசுவாரு. அந்த ஆழம் அவங்க கைக்கு கண்ண மூடினாலும் தெரியும். அப்புறம் ஒரு நாள் பால் மரத்த எல்லாம் சாய்ச்சுட்டு செம்பனை, பாமாயில் மரம், வெச்சாங்க. நாப்பது வயசு தாண்டின பொம்பளைங்க, இன்னிக்கு வெட்டுக்காரி, நாளைக்கு உதிரிப்பழம் பொறுக்கறவ, உரம் போடறவ, முதுகுல டேங்க மாட்டிக்கிட்டு மருந்து அடிக்கறவ. அவங்கள யாரும் ஒரு வார்த்த கேக்கல, சொல்லிக் குடுக்கவும் ஆள் இல்ல. இத்தன வருஷம் கைல சேத்த வித்தைக்கு ஒரு துண்டு பேப்பர் கூட அவங்ககிட்ட இல்ல. தோட்டம் கைமாறினப்ப அம்மாவும் உன்ன மாதிரியே "எனக்கு என்னம்மா தெரியும்"னுதான் சொன்னாங்க. அது பொய் டி. அம்மாவுக்கு அவ்ளோ தெரியும், அதுக்கு வெல வெக்க ஆள்தான் இல்ல. அதே வார்த்தைய உன் வாய்ல கேக்க எனக்கு தாங்கல.

என் கதையும் அதுதான். பேக்டரி போனப்ப என்கிட்ட இருந்தது ஸ்கூல் முடிச்ச எஸ்.பி.எம். சர்டிபிகேட்டும் லைன் லீடர்னு போட்ட ஒரு லெட்டரும்தான். ஆனா வீட்டுல மாமியார் ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்து படுக்கையா கெடந்து போய்ச் சேர்ற வரைக்கும் குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கி, திருப்பி எல்லாம் செஞ்சது நான்தான், ஷிப்ட் முடிச்சு பேக்டரி பஸ்ல எறங்கினதும் அந்த வேலதான். அத ஒரு வேலன்னு நான் நெனச்சதே இல்ல, வீட்டுல யாரும் நெனைக்கல. ஆஸ்பத்திரிக்கு தெரப்பிக்கு கூட்டிட்டு போனப்ப நான் அவங்கள வீல்சேர்ல இருந்து கட்டிலுக்கு மாத்தறத பாத்துட்டு அங்க உள்ள பிசியோ புள்ள "அக்கா, எங்க கத்துக்கிட்டீங்க"ன்னு கேட்டுச்சு. அந்தக் கேள்வி மனசுல தங்கிடுச்சு. வேல போனதும் ஈப்போல வயசானவங்கள பராமரிக்கிற கோர்ஸ்ல சேந்தேன்.

கிளாஸ்ல எல்லாம் இருபது இருபத்தஞ்சு வயசு புள்ளைங்க. மொத வாரம் கூச்சமாதான் இருந்துச்சு. ஆனா பாடம் போகப் போக, நான் கையால செஞ்சதுக்கெல்லாம் காரணம் கெடச்சுச்சு. வீல்சேர நல்லா இருக்கற பக்கமா வெச்சுத்தான் மாத்தணும், பிரேக் போட்டாச்சான்னு பாத்துட்டுத்தான் தூக்கணும். படுக்கையா இருக்கறவங்கள ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பணும், ஒரே பக்கம் அழுத்தம் இருந்தா அங்க ரத்த ஓட்டம் கொறஞ்சு புண்ணாயிடும். மூக்குல டியூப் வழியா பால் குடுக்கும்போது தலைய 30ல இருந்து 45 டிகிரிக்கு தூக்கி வெக்கணும், குடுத்து முடிச்சதும் ஒடனே படுக்க வெக்கக்கூடாது, நுரையீரலுக்குள்ள போயிடும். சுகர் மீட்டர்ல 4 mmol/Lக்கு கீழ போனா, ஆள் முழிப்பா இருந்து முழுங்க முடிஞ்சா 15 கிராம் சர்க்கர தண்ணில கலந்து குடுத்து 15 நிமிஷத்துல திரும்ப பாக்கணும். பேக்டரில பழகினதும் வீண் போகல, ஷிப்ட் மாறும்போது எழுதி ஒப்படைக்கறது, ஒரு சின்ன மாத்தம் தெரிஞ்சா ஒடனே சொல்றது, எதையும் மனசுல வெச்சுக்காம நோட்டுல போடறது, இதெல்லாம் அந்த சின்ன புள்ளைங்களுக்கு கஷ்டமா இருந்துச்சு, எனக்கு அது ரத்தத்துலயே இருக்கு.

கோர்ஸ் முடிச்சு ஒரு முதியோர் ஹோம்ல வேலைக்கு சேந்தேன். சம்பளம் மொதல்ல கொறச்சல்தான், மறைக்க மாட்டேன். அப்ப குறைஞ்சபட்ச சம்பளம் 1500 வெள்ளி (ரிங்கிட்), அதுக்கு கிட்டதான் குடுத்தாங்க, லைன் லீடரா வாங்கினதவிட நல்லாவே கம்மி. மேல இருக்கற சூப்பர்வைசருக்கு என் மகன் வயசு, அவரு சொல்றத கேட்டு நடக்கணும். இடுப்பு வலிக்கும். நம்ம பாத்துக்கிட்டவங்க போயிட்டா ரெண்டு நாளைக்கு சாப்பாடு எறங்காது. ஆனா வேலைக்கு பஞ்சம் வராது, 2030ல நம்ம நாட்டுல 60 தாண்டினவங்க 15 விழுக்காடு ஆயிடுவாங்கன்னு கணக்கு சொல்லுது, இப்பவே ஆள் கெடைக்காம தேடறாங்க.

ஒண்ணு சொல்றேன் கேளு. எங்க ஹோம்ல ஒரு பாட்டி, பழைய தோட்டத்துக்காரங்க, ஞாபகம் எல்லாம் போயிடுச்சு, புள்ளைங்க பேரு கூட தெரியல. விடியக்காலம் நாலு மணி ஆனா எழும்பி கட்டில விட்டு எறங்கிடுவாங்க, கத்துவாங்க, பிடிச்சா அடிப்பாங்க. தூக்க மாத்திரைய கூட்டலாமான்னு பேசிட்டு இருந்தாங்க. எனக்கு நைட் டூட்டி வந்தப்ப பக்கத்துல போயி என்ன சொல்றாங்கன்னு காது குடுத்து கேட்டேன். பெரட்டுக்கு நேரமாச்சு, பெரட்டுக்கு நேரமாச்சுன்னு சொல்றாங்க டி. நான் கைய பிடிச்சுக்கிட்டு, "பாட்டி, வெளிய நல்ல மழ, இன்னிக்கு வெட்டு இல்ல, படுத்துக்குங்க"ன்னு சொன்னேன். என்ன பாத்தாங்க, "மழையா"ன்னு கேட்டாங்க, அப்படியே போயி படுத்துட்டாங்க. இப்ப எங்க ஹோம்ல மலாய்க்கார புள்ள, இந்தோனேசியா புள்ள எல்லாருக்கும் அந்த ரெண்டு வார்த்தைய சொல்லிக் குடுத்துட்டேன், நாலு மணி ஆனா "மழ பாட்டி, மழ"ன்னு சொல்லுதுங்க. எந்தக் கோர்ஸ்லயும் இது இல்ல. லயத்துல பொறந்து வளந்ததனால தெரிஞ்சது. நம்ம வாழ்ந்த வாழ்க்கைக்கு இப்படி ஒரு பயன் இருக்கும்னு யாரு டி நெனச்சா.

இப்ப உன் விஷயம். நீ கணக்கு மட்டுமா தெரிஞ்சவ? கோயில் திருவிழால முந்நூறு பேருக்கு அன்னதானம் சமைக்கறது யாரு? எத்தன கிலோ அரிசிக்கு எத்தன கிலோ பருப்பு, எந்தக் கடைல வெங்காயம் மலிவு, எத்தன மணிக்கு அடுப்பு மூட்டினா பூச முடியும்போது பந்தி போடலாம், இதெல்லாம் உனக்கு விரல் நுனில இருக்கு. கேட்டரிங் பண்றவங்க நெறைய பேரு விழறது சமையல்ல இல்ல, கணக்குலதான், உன்கிட்ட ரெண்டும் இருக்கு. நீ அத "சும்மா கோயில் வேல"ன்னு எழுதி இருக்க. அப்படி சொல்லாத, எனக்கு கோவம் வருது.

செய்யறதா இருந்தா மொதல்ல சாப்பாடு கையாளற கோர்ஸ் ஒண்ணு இருக்கு, அது கட்டாயம், டைபாய்டு ஊசியும் போடணும், அது மூணு வருஷத்துக்கு ஒரு தடவ. தொழில் பதிவு பண்ற எஸ்.எஸ்.எம்.ல சொந்த பேருல பதிஞ்சா வருஷத்துக்கு 30 வெள்ளி, கடை பேரு வெச்சா 60. அப்புறம் முக்கியமா, ஸ்கில் சர்டிபிகேட் எஸ்.கே.எம்.ம கிளாஸுக்கு போகாமலே, செஞ்ச வேலைய வெச்சே எடுக்க வழி இருக்கு, பி.பி.டி.ன்னு சொல்வாங்க. செஞ்சதுக்கு ஆதாரம் சேத்து பைல் போடணும், அதிகாரிங்க வந்து பாத்து நேர்ல கேள்வி கேட்டு முடிவு பண்ணுவாங்க. அன்னதான போட்டோ, கோயில் கமிட்டி லெட்டர், சாமான் வாங்கின பில், எதையும் தூக்கிப் போட்டுடாத, கமிட்டி தலைவர் மாறறதுக்குள்ள லெட்டர வாங்கிடு. மூலதனத்துக்கு, சின்ன வியாபாரத்துக்கு கடன் குடுக்கற அரசாங்க நிறுவனம் தெக்குன்ல, இந்தியர்களுக்குன்னே ஸ்பூமின்னு ஒரு கடன் திட்டம் இருக்கு, ஆனா அத கடைசியா பாத்துக்கலாம், எடுத்த எடுப்புல கடன் வேணாம். சொந்த தொழில்னா ஈபிஎஃப் கட்ட முதலாளி இல்ல, அதனால ஈபிஎஃப்ல ஐ-சாராஆன்னு சொந்த தொழில்காரங்களுக்கு உள்ள திட்டத்துல நீயே மாசம் கொஞ்சம் போடு, அரசாங்கம் வருஷத்துக்கு 500 வெள்ளி வரைக்கும் அதுக்கு மேல சேத்து குடுக்குது. சொந்த தொழில்காரங்களுக்கும் சொக்சோ இருக்கு, அதையும் எடுத்துடு, கொதிக்கற எண்ண பக்கத்துல நிக்கற வேல.

வீட்டுக்காரரு என்ன சொல்றாரு? அத நீ எழுதவே இல்ல. அவருக்கு பயம் இருந்தா அதுவும் நியாயம்தான், ரெண்டு பேரும் உக்காந்து ஒரு வருஷத்துக்கு வீட்டுச் செலவு எவ்ளோன்னு எழுதி பாருங்க. நாங்களும் அப்படித்தான் செஞ்சோம், அவரு மோட்டர் மாத்தறத தள்ளி வெச்சாரு, நான் அஸ்ட்ரோ டிவிய கட் பண்ணேன், சண்ட இல்லாம ஓடிடுச்சு.

வி.எஸ்.எஸ். பேப்பர் கைக்கு வந்ததும் எல்லா பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி. பேக்டரில எங்களுக்கு உதவி செஞ்ச யூனியன்காரரு ஒருத்தரு இன்னும் பழக்கத்துல இருக்காரு, அவர்கிட்ட காட்டி கேட்டு சொல்றேன். ஸ்கூல் லீவுக்கு கிள்ளான்ல இருந்து கெளம்பி இங்க வந்து நாலு நாள் இரு. ஹோம்ல மாசம் ஒரு தடவ பொறந்தநாள் சாப்பாடு வெளிய ஆர்டர் பண்றாங்க, வெல எவ்ளோ குடுக்கறாங்கன்னு கேட்டு வெச்சிருக்கேன், நீ வந்ததும் மேனேஜர்கிட்ட உன்ன கூட்டிட்டு போறேன்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்ல இருந்து உன் பழைய பெஞ்சு கூட்டாளி