முதல் கையெழுத்து

ஆஸ்லோ

அன்புள்ள சுந்தரம்,

உன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விட்டுக்கொள். இங்கே குளிர் எலும்பு வரை இறங்குகிறது. ஆனாலும் பேத்தியோடு பொழுது போவதே தெரியவில்லை.

போன ஞாயிறு மகள் என்னை ஆகெர்ஷூஸ் கோட்டையில் இருக்கும் எதிர்ப்பியக்க அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனாள். 1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மன் படை நார்வேக்குள் நுழைந்தது. அதிலிருந்து 5 ஆண்டுகள் இந்த நாடு நாஜிகளின் பிடியில்தான். அந்தக் கதைகளில் என் மனசு நின்றது ஆசிரியர்களிடம். நானும் நீயும் முப்பது வருஷம் சாக்பீஸ் பிடித்தவர்கள் இல்லையா?

1942 பிப்ரவரியில், நாஜிகளின் ஆளான க்விஸ்லிங் எல்லா ஆசிரியர்களும் தன் புதுச் சங்கத்தில் சேர்ந்தாக வேண்டும் என்று சட்டம் போட்டான். பிள்ளைகளுக்கும் அவன் கட்சியின் இளைஞர் அணி கட்டாயம். பதிலுக்கு ஆசிரியர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மறுப்புக் கடிதத்தின் வாசகம் ரகசியமாக ஊர் ஊராகப் போனது. பிப்ரவரி 20 அன்று அவரவர் தன் பெயரைப் போட்டு, தனித்தனியாகத் தபாலில் சேர்த்தார்கள். இந்த வழியில் பிள்ளைகளை வளர்க்க என் மனசாட்சி இடம் தராது, அந்தச் சங்கத்தில் நான் உறுப்பினர் இல்லை, அவ்வளவுதான் விஷயம். ஆயிரக்கணக்கில் குவிந்தன.

நம் ஸ்டாஃப் ரூமில் ஒரு மனு எழுதினால் முதல் கையெழுத்து யார் போடுவது என்பதிலேயே அரை நாள் போகும், ஞாபகம் இருக்கிறதா? இங்கே ஒவ்வொருவர் போட்டதும் முதல் கையெழுத்துதான். பக்கத்து வகுப்புக்காரர் அனுப்பினாரா என்று தெரியாமலே ஒருவர் தபால்பெட்டியில் கையை விட்டிருப்பார். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

எரிபொருள் இல்லை என்று சாக்குச் சொல்லி அரசு பள்ளிகளை மூடியது. பெற்றோரும் மூட்டை மூட்டையாக எதிர்ப்புக் கடிதம் அனுப்பினார்கள். மார்ச்சில் சுமார் 1,100 ஆசிரியர்களைப் பிடித்தார்கள். யோர்ஸ்டாட்மூன் முகாமில், வயதானவர்களைக்கூடக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பனியில் வயிற்றால் ஊர்ந்து போகச் சொன்னார்களாம். கையெழுத்தைத் திரும்பப் பெற்றால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மிகச் சிலரே பெற்றார்கள். அப்புறம் நூற்றுக்கணக்கானவர்களை வடகோடியில் இருக்கும் கிர்க்கெனெஸுக்கு அனுப்பி, துறைமுகத்தில் மூட்டை இறக்க வைத்தார்கள். சம்பளம் நின்ற குடும்பங்களுக்கு ஊர்க்காரர்கள் ரகசியமாகப் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள்.

மே மாதம் க்விஸ்லிங் ஸ்டாபெக் பள்ளிக்கே வந்து, ஆசிரியர்களாகிய நீங்கள்தான் எனக்கு எல்லாவற்றையும் கெடுத்துவிட்டீர்கள் என்று கத்தினானாம். அந்தச் சட்டம் கடைசிவரை செல்லுபடியாகவே இல்லை. பிடிபட்டவர்கள் நவம்பருக்குள் திரும்பி வந்துவிட்டார்கள்.

அந்த நாட்களில் மாணவர்கள் சட்டையில் ஜெம் கிளிப் குத்திக்கொண்டு திரிந்தார்கள், சுந்தரம். பிரியாமல் சேர்ந்திருப்போம் என்று அதற்கு அர்த்தம். பிறகு அதற்கும் தடை வந்தது.

கண் தெளிந்ததும் நீயே உன் கையால் நாலு வரி எழுது. காத்திருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
மாணிக்கம்